வெண்கரடியும் உழவனின் விடையும்

மாந்தரின் சிந்தனை வேறுபாட்டுக்குக் காரணம் இனமோ இரத்தமோ அன்று, சமூக வாழ்வும் வரலாறுமே என நிறுவ முயன்றவர் சோவியத் உளவியலாளர் ஏ. ஆர். லூரியா. 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெக்கிஸ்தானிலும் கிர்கீசியாவிலும் அவர் நடத்திய ஆய்வு 1974இலேதான் நூலுருப் பெற்றது. அவரது அடிப்படை நோக்கை நாம் மனமார ஏற்கின்றோம். எனினும், திரட்டிய சான்றுகளுக்கு அவர் கண்ட பொருள் முழுவதையும் ஏற்பதற்கில்லை.

பனி மூடிய தூர வடக்கிலே கரடிகள் யாவும் வெண்ணிறமானவை. நொவாயா செம்லியா தூர வடக்கில் உள்ளது. அவ்விடத்துக் கரடிகள் எந்நிறத்தன? எழுத்தறியாத உழவர் பலர் இதற்கு விடைகூற மறுத்தனர். தாம் கண்டதையே பேசமுடியும் என்றனர். சொற்களிலிருந்து மட்டும் முடிவு காணும் ஆற்றல் இவர்களிடம் உருவாகவில்லை என்பது லூரியாவின் தீர்ப்பு.

காணாததற்குச் சாட்சி கூறமாட்டேன் என்பவன் சிந்திக்காதவனா? காணாததைப் பேசலாகாது, அக்கரடிகளை நான் கண்டதில்லை, ஆகவே பேசேன். இதுவும் முறையான தர்க்கமே. தொடங்கிய இடந்தான் வேறு. வாக்கியத்தை விளங்கிக்கொள்ளும் மனம் சொற்களை மட்டும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேட்பவன் யார், எதற்காகக் கேட்கிறான் என்பவற்றையும் சேர்த்தே பொருள் கொள்கிறது. வயலிலே வினவுபவன் பெரும்பாலும் விடை அறியாதவன். வகுப்பறையிலோ விடை அறிந்தவனே வினவுகிறான். கூட்டுப்பண்ணை இயக்கம் கிராமங்களைக் கலக்கிய அவ்வாண்டுகளில், அந்நியரின் வினாவுக்கு உழவன் அளந்து பேசியிருந்தால் அதுவும் வியப்பன்று.

சிறிது காலம் கல்வி பெற்றோர் இத்தகைய வினாக்களுக்கு எளிதில் விடை கூறினர் என லூரியாவே எழுதுகிறார். அத்துணை விரைவில் வந்து சேர்வது புதிய ஆற்றலா, புதிய பழக்கமா? சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் வை மக்களிடையே நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. வை எழுத்து பள்ளிக்கு வெளியே பயிலப்படுவது. அவ்வெழுத்தை அறிந்தமை மட்டும் தர்க்கத் திறனைப் பொதுவாக உயர்த்தவில்லை. விடைக்குரிய காரணத்தை வினாவின் கூற்றுகளிலிருந்தே எடுத்துக் காட்டும் பழக்கம் பள்ளி சென்றோரிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. தொழிலாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சை வினாவின் முன் வாயடைத்து நிற்கும்போது, மந்தபுத்தி என்ற முத்திரை எளிதில் குத்தப்படுகிறது. வினாவின் வழக்கத்தை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதை எவரும் எண்ணுவதில்லை. அவ்வழக்கத்தைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. அதனை அறியாதோரை அறிவிலிகள் என்று தள்ளுவதை விஞ்ஞானம் ஆதரிக்கவில்லை என்பதே எமது கருத்து.