கரிசல் ஊரில் ஓர் எடிட்டிங் சிஸ்டம்

கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர் புது சிஸ்டம் வாங்கக் கிளம்பினால், முதலில் கைக்கு வருவது ஒரு கொட்டேஷன் தாள். மதுரையிலிருந்து வந்தாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தாலும் தாளின் அமைப்பு மாறுவதில்லை. மேலே செயலி, அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி. அடிவரிகளில் எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர், யுபிஎஸ். பட்ஜெட் இடித்தால் வெட்டு கீழிருந்துதான் விழும். மேலிரண்டு வரிகளைத் தொட யாருக்கும் மனம் வராது. ஐ7 என்றும் ஆர்டிஎக்ஸ் என்றும் சொல்லிக்கொள்ள முடிகிற வரிகள் அவைதான்.

பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்யும் அசெம்பிள்டு சிஸ்டம்தான் இந்தப் பகுதி ஸ்டுடியோக்களின் வழக்கம். அந்த வழக்கம் சரியானது என்பது என் எண்ணம். பிழை அந்தத் தாளில் இருக்கிறது. அது கேம் ஆடுகிறவர்களுக்காக எழுதப்பட்ட தாள். எடிட்டிங் செய்கிறவர் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறார்.

படம் செய்கிற தொழில் கோவில்பட்டிக்குப் புதிதல்ல. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி வந்த கொண்டையராஜு (1898–1976) 1940களில் இந்த ஊரில் தங்கி, சீடர்களோடு தீட்டிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகி வீட்டுச் சுவர்களுக்குப் போயின. முகத்தின் நிறமும் பட்டின் நிறமும் பிசகாமல் வரவேண்டும் என்ற கவலை அன்றைக்கே இருந்தது. இன்று அந்தக் கவலை கணினியின் மேல் விழுந்திருக்கிறது.

முதலில் அசெம்பிள்டு வழக்கத்தின் பலம். பிராண்டட் டவர்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கென்றே தனி அளவில் வரும். முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு அது நின்றால், மாற்று பாகம் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதுதான். அசெம்பிள்டு சிஸ்டத்தில் எஸ்எம்பிஎஸ் போனால் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிச் சொருகி, ராத்திரியே ரெண்டரிங்கைத் தொடரலாம். வைகாசி வருமானத்தில் ராம் கூட்டலாம், தை வருமானத்தில் டிஸ்க் மாற்றலாம். மழையை நம்பியும் முகூர்த்தங்களை நம்பியும் பணம் புழங்குகிற ஊரில் இந்த வசதி சாதாரணமானதல்ல.

குறை தொடங்குவது முதல் வரியில். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 4கே படத்தை 10-பிட் 4:2:2 தரத்தில் பதிகின்றன. ஒளியின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறம் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்குப் பொதுவாகவும் பதிவாகும். பழைய 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறம். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த அரக்குப் பட்டை நிறம் திருத்தும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இத்தனை விவரத்தையும் கேமரா எச்.265 முறையில் இறுக்கிச் சுருக்கிக் கார்டில் எழுதுகிறது. டைம்லைனில் ஓட்டும்போது நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம்களைக் கணினி விரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விரிப்பதற்கென்று சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு. இன்டெலில் அதன் பெயர் குவிக் சிங்க். 2011இல் அறிமுகமான அது, டெஸ்க்டாப் செயலிகளில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் 10-பிட் 4:2:2 எச்.265-ஐ விரிக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 4:2:2 விரிப்பு கிடையாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது.

இப்போது கடையில் நடப்பதைப் பாருங்கள். ஒரே செயலி இரண்டு பெயர்களில் வருகிறது: ஐ7-14700, ஐ7-14700எஃப். எஃப் போட்டது கொஞ்சம் மலிவு. அதில் உள்கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும். குவிக் சிங்க் குடியிருப்பது அந்தப் பகுதியில்தான். "கார்டு தனியாப் போடுறோம்லா அண்ணாச்சி, எஃப் போதும், எதுக்குக் காசு வீணாக்குதிய" என்று கடைக்காரர் அக்கறையோடுதான் சொல்கிறார். கேம் ஆடுபவருக்கு அது நல்ல அறிவுரை. எடிட்டருக்கு, ஆர்டிஎக்ஸ் 4060-உம் எஃப் செயலியும் சேர்ந்த அந்த சிஸ்டத்தில் 4:2:2 ஃபுட்டேஜை விரிக்க ஆளே இல்லை. முழுச் சுமையும் செயலியின் கோர்களில் விழும். மூன்று கேமரா மல்டிகேம் வைத்தால் தாலிகட்டும் காட்சி திக்கித் திக்கி ஓடும். ஒன்றரை லட்சம் போட்டும் சிஸ்டம் இழுக்கிறதே என்று புலம்புகிறவர்களில் பலருக்கு விஷயம் இந்த ஓரெழுத்துதான்.

எஃப் இல்லாததை வாங்கியபின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தனிக் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் உள்கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை உயிர்ப்பித்துவிட்டு, சாஃப்ட்வேர் அமைப்பிலும் இன்டெல் டிகோடிங்கை இயக்க வேண்டும். இன்னொன்று: 10-பிட் 4:2:2-ஐ எச்.264-இல் பதிகிற கேமரா மோடுகளும் உண்டு. 14ஆம் தலைமுறை வரையான இன்டெல் விரிப்பான் அதற்கு உதவாது. ஆகவே கேமராவில் எந்த மோடில் எடுக்கிறோம் என்று தெரியாமல் கணினி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். புதிதாக எதுவும் வாங்க முடியாதவருக்கும் வழி உண்டு. இரவில் பிராக்ஸி எனும் சிறு நகல்களை உருவாக்கவிட்டுத் தூங்கி, காலையில் அந்தச் சிறு கோப்புகளில் வெட்டி, கடைசியில் அசலை இணைத்துக்கொள்ளலாம். பழைய ஐ5 கூட இதைத் தாங்கும். செலவில்லாத வழி என்பதாலோ என்னவோ, கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது வரியான கிராஃபிக்ஸ் கார்டு தேவையா என்பது சாஃப்ட்வேரைப் பொறுத்தது. தமிழ்நாட்டுக் கல்யாண ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் கோலோச்சிய எடியஸ், பெரும்பாலான வேலைகளுக்குச் செயலியையும் குவிக் சிங்க்கையும் நம்பி ஓடுவது. அதில் மட்டும் வேலை செய்கிறவர் பெரிய கார்டு போடுவது வீண். டாவின்சி ரிசால்வ் இதற்கு நேர் எதிர். நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம் எல்லாம் கார்டின் மேல்தான் ஏறும். 4கே-க்குக் கார்டிலேயே 8 ஜிபி நினைவகம் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடலாம். பிரீமியர் இரண்டுக்கும் நடுவில். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. காற்றாடியும் வெப்பப் பசையும் தேய்ந்த கார்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலைத் தாங்குமென்று நான் நம்பமாட்டேன்.

ஆல்பம் டிசைனிங் தனிக் கணக்கு. கரிஷ்மா ஆல்பத்தின் 12-க்கு 36 அங்குல விரிப்பை 300 டிபிஐ-யில் திறந்தால் 10,800-க்கு 3,600 புள்ளிகள், அதாவது 3 கோடியே 88 லட்சத்துச் சொச்சம். முழுப் பக்கத்தை நிறைக்கும் ஒரு லேயருக்கு 8-பிட் நிறத்தில் சுமார் 117 எம்பி நினைவகம் வேண்டும். பின்னணி, மங்கல், ஒளிவட்டம், பூ வேலை என்று இருபது லேயர் போனால் 2.3 ஜிபி, ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் பழைய நிலைகளையும் சேர்த்தால் பல மடங்கு. இரண்டு மூன்று பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு 16 ஜிபி ராம் போதாது. ஐ7-இலிருந்து ஐ5-க்கு இறங்கி 32 ஜிபி போடுவது அவருக்கு லாபம். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியபின் இந்தத் தேர்வு கசப்பானதுதான். ஆனாலும் செயலியில் குறைத்து ராமில் கூட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். கரிசல் காட்டுக்கென்று தனியாகச் சில உண்டு. இணையத்து மதிப்புரைகளில் வரும் வெப்ப அளவுகள் 21, 25 பாகை அறையில் எடுத்தவை. நம் மேமாத அறை 38, 40 பாகையில் கொதிக்கும்போது செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு மேலே போகும். இன்டெல் டெஸ்க்டாப் செயலிகள் பெரும்பாலும் 100 பாகையை எட்டியதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குக் கொடுத்த காசு ஐ5 வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது திரையில் எங்கும் தெரியாது. ரெண்டரிங் ஏன் இத்தனை நேரம் என்ற சலிப்பு மட்டும் மிஞ்சும். அத்தோடு தூசி. ஆடிக் காற்றில் உழுத காட்டிலிருந்து பறந்து வரும் கரிசல் புழுதி மாவு போலிருக்கும். கேபினெட்டின் முன்பக்க வலையில் தொடங்கி கூலரின் தகடுகளுக்கு நடுவே போய் அப்பிக்கொள்ளும். விரலால் தொட்டால் கறுத்த மையாக ஒட்டும். கண்ணாடி முகமும் வண்ண விளக்கும் வைத்த கேபினெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி வைத்த கேபினெட்டும் நல்ல கூலரும் வாங்கலாம். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அந்த மாதக் கடைசியில் பிளோயர் வைத்து ஊதுவது வசதி.

கரிசல் மண்ணின் குணத்தை ஸ்டுடியோக்காரர் யாரும் கணினியோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஈரமாக இருக்கும்வரை அது மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். கோடையில் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்து, எர்த் கம்பியை விட்டே விலகிவிடும். பங்குனி சித்திரையில் கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று வருவதற்கும், காரணம் தெரியாமல் டிஸ்க் பிழைகள் வருவதற்கும் எர்த் சரியில்லாததையும் சந்தேகிக்க வேண்டும். எர்த் குழிக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றச் செலவு ஒன்றுமில்லை.

அடிவரியில் கிடக்கும் யுபிஎஸ்ஸைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லோரும் வாங்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். 14700எஃப் முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115. இரண்டுமே 334 ஆகிவிட்டது. மதர்போர்டு, டிஸ்க், காற்றாடி, மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸில் போகும் இழப்பு எல்லாம் சேர்ந்தால் அளவு தாண்டிவிடும். ரெண்டரிங் நடுவே கரண்ட் போனால், காப்பாற்ற வேண்டிய பெட்டி தானே அணைந்துவிடும். 1 கேவிஏ-க்குக் குறைந்து வாங்கக் கூடாது.

செயலியில் இன்னொரு பாதகமும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் பலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைதடுமாறும் கோளாறு 2024இல் வெளிவந்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. இன்டெல் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அசெம்பிள்டு சிஸ்டத்தில் பயாஸை அப்டேட் செய்து கொடுக்கும் கடைகள் குறைவு. தவிர, பெட்டியில்லாமல் டிரேயில் வரும் செயலியை மலிவுக்காக மாட்டியிருந்தால், வாரண்டிக்கு இன்டெலிடம் நேராகப் போக முடியாது. விற்ற கடையைத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கடை நூறு கிலோமீட்டர் தள்ளி மதுரையில் இருக்கும், கையில் ஜிஎஸ்டி பில் இருக்காது. 18 சதவீதம் மிச்சம் பிடிக்கப் பில் வேண்டாம் என்று சொன்னவருக்கு அன்றைக்குக் கேட்க உரிமை இல்லாமல் போகும்.

இத்தனை தொல்லைக்கும் மாற்றாக ஆப்பிளின் மேக் மினியைச் சொல்பவர்கள் கூடிவருகிறார்கள். 2024 கடைசியில் வந்த எம்4 மாடல் இந்தியாவில் 59,900 ரூபாயில், 16 ஜிபி நினைவகத்தோடு தொடங்கியது. 4:2:2 விரிப்பு அதில் உள்ளேயே இருக்கிறது. மின்சாரம் மிகக் குறைவாக எடுப்பதால் சின்ன யுபிஎஸ் போதும், சூடும் குறைவு. நம் ஊர் வெயிலையும் கரண்ட்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எடியஸ் அதில் ஓடாது. நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. அந்தத் தொடக்க மாடலின் 256 ஜிபி சேமிப்பில் ஒரு கல்யாணம்கூட அடங்காது. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தாலே மணிக்கு 45 ஜிபி; இரண்டு கேமரா மும்மூன்று மணி நேரம் ஓடினால் 270 ஜிபி. பழுதானால் உள்ளூர் ஆள் கைவைக்க முடியாது. ரிசால்வுக்கு மாறிவிட்ட, தனியாக வேலை செய்கிற இளைஞருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். இரண்டு எடிட்டர், ஓர் ஆல்பம் டிசைனர், எடியஸில் கிடக்கும் பத்து வருட டெம்ப்ளேட்டுகள் என்று நடக்கும் ஸ்டுடியோவுக்குச் சொல்லமாட்டேன்.

தாளில் இடமே பெறாத ஒன்று, ஃபுட்டேஜின் இரண்டாவது பிரதி. கார்டை அழித்தபின் ஒரே ஹார்ட்டிஸ்க்கில் ஒருவர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. டிஸ்க் போனால் தாலிகட்டை மறுபடி எடுக்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினால் மிஞ்சும் பணத்துக்கு இன்னொரு டிஸ்க் கட்டாயம் வரும். மானிட்டருக்கும் இதே பேச்சுதான். எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பை முழுக்கக் காட்டாத திரையில் திருத்திய முகம், ஆல்பம் லேபிலிருந்து வரும்போது சிவந்தோ பச்சையடித்தோ வரும். பெண் வீட்டார் அதை ஏற்கமாட்டார்கள், ஏற்க வேண்டியதும் இல்லை.

ஆகவே கொட்டேஷன் கேட்கப் போகும்போது, சொந்தக் கேமராவில் வழக்கமாக எடுக்கும் மோடிலேயே பதிந்த கார்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போகலாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் அதேபோன்ற சிஸ்டத்தில், தான் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் மூன்று அடுக்காகப் போட்டு, நிறத் திருத்தம் ஒன்று ஏற்றி, பத்து நிமிடம் ஓட்டச் சொல்லலாம். ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வீடியோ டிகோட் என்ற கட்டத்தில் கோடு ஏறுகிறதா, செயலி மட்டும் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். செய்து காட்ட மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.