ஐந்து கட்டைக்குப் பக்கத்தில் ஓர் உறுமல்

ஓசூரில் வீட்டு அறையிலேயே குரலையும் சின்தசைசரையும் பதிவு செய்கிறவர் ப்ரீஆம்ப் வாங்கும்போது, அது ஒலிக்கு என்ன மெருகு ஏற்றுகிறது என்பதைவிட எதையெல்லாம் உள்ளே விடாமல் தடுக்கிறது என்று பார்ப்பதே சரி. கரண்டின் உறுமலையே எடுத்துக்கொள்வோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100. ஐந்து கட்டைச் சுருதியின் மந்திர ஸ்தாயி சட்ஜமோ 98 ஹெர்ட்ஸ். அந்தக் கட்டையில் பாடும் பெண்குரலுக்குப் பின்னால் இந்த உறுமல், சுருதி சற்றே ஏறிப்போன தம்பூராவாக விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது; கமகம் ஓய்ந்து மூச்சு வாங்கும் இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

விலை உயர்ந்த ப்ரீஆம்பில் இரைச்சல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஷூர் எஸ்.எம்.58 மைக்கில் 94 டெசிபல் குரல் விழுந்தால் கிடைப்பது சுமார் 1.85 மில்லிவோல்ட். இன்றைய சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலே அதற்கு 70 டெசிபலுக்கும் கீழேதான் இருக்கிறது. மின்விசிறி ஓடும் அறையின் ஓசை 45 டெசிபல் என்று வைத்தால், குரலுக்கும் அதற்கும் இடைவெளி 49தான்; ஆக, ப்ரீஆம்பின் இரைச்சலைவிட அறையின் ஓசையே பெரிது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் பல இரவுகளில் விசிறியை நிறுத்திவிட்டே பாடலாம். சென்னையில் அது நடக்காது. ஆனால் ஓசூரில் சிப்காட்டுக்கும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைக்கும் இடையே ஓடும் லாரிகளின் அதிர்வு தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும். 80 ஹெர்ட்ஸ் லோ கட் பொத்தான் இங்கே அலங்காரம் அல்ல.

சின்தசைசருக்குப் பெருக்கமே வேண்டியதில்லை; அதன் லைன் அவுட்புட் மைக்கைவிட நூறு மடங்குக்கும் மேல் வலுவானது. லேப்டாப்பும் சின்தசைசரும் தனித்தனி பிளக்கில் எர்த் ஆகி, ஆடியோ கேபிள் இரண்டையும் சேர்க்கும்போது பிறக்கும் எர்த் லூப்தான் அதன் தொல்லை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலே பாதி அடங்கும். மீதிக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள லைன் ஐசொலேட்டர். அதன் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. இசை காந்தப்புலம் வழியாகக் கடந்துவிடும், உறுமல் அந்தப் பக்கமே நின்றுவிடும். எத்தனை அழகான ஏற்பாடு! இதை விட்டுவிட்டு எர்த் பின்னைக் கழற்றுகிறவர் உயிரோடு விளையாடுகிறார்.

அப்படியானால் 1970இல் வந்த நீவ் 1073 ப்ரீஆம்பின்மேல் ஏன் இத்தனை மோகம் என்று கேட்கலாம். அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் குரலின் அடிப்பகுதிக்குத் தரும் கனம் நிஜமானது, ரசிக்கத்தக்கது. ஆனால் உள்ளே புகுந்த உறுமலுக்கும் அது அதே கனத்தைத் தரும். அந்தக் கனத்தை மிக்ஸிங்கில் பிளகின் கொண்டு ஓரளவு ஏற்றிவிடலாம். ஆனால் குரலோடு கலந்த 100 ஹெர்ட்ஸ் உறுமலை வெட்டினால் குரலும் கொஞ்சம் போகும். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்த ஏ.ஆர்.ரஹ்மான், 1992இல் அங்கிருந்தே 'ரோஜா' படத்தின் இசையைத் தந்தார். வீட்டுப் பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சுத்தமான 60 டெசிபல் கெயின், லோ கட், 48 வோல்ட் ஃபேன்டம் உள்ள இரண்டு சானல் கருவி ஓசூர் வீட்டுக்குப் போதும். மிச்சப் பணத்தில் முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.