வீணை எஸ். பாலசந்தர்: தற்பயிற்சியும் தனித்துவமும்

முன்னுரை

ஆசிரியரிடம் முறையாகப் பயிலாத கலைஞரின் தனித்துவத்தை 'மரபு மீறல்' என்னும் ஒரு சொல்லால் வரையறுத்துவிடுவது இசைத் திறனாய்வில் வழக்கமாகியுள்ளது. வீணை எஸ். பாலசந்தரை (1927–1990) முன்வைத்து இவ்வரையறையின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேர்தல்

தமையனார் எஸ். ராஜத்தின் பாட்டுக்குச் சிறுவயதிலேயே கஞ்சிரா வாசித்த பாலசந்தர், சிதார் முதலிய கருவிகளையும் பழகி, இறுதியில் வீணையில் நிலைகொண்டார். வீணையை அவர் தாமே கற்றார். எனினும், ஆசிரியர் இல்லாமையே தனித்துவம் ஆகிவிடாது. கைவழியாக ஒரு பாணியைப் பெறாதவர் கருவியின் ஒவ்வோர் இயல்பையும் வினாவாக எதிர்கொள்ள நேர்கிறது; அவ்வினாக்களுக்குக் கண்ட விடையே தனித்துவமாகும்.

வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. மெட்டுக்கு மெட்டு விரல் நகர்த்திச் சுரங்களைப் பிறப்பிப்பது ஒரு முறை. ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிப்பது மற்றொரு முறை. இரண்டும் முன்னரே வழக்கிலிருந்தவை. பாலசந்தர் பின்னதை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். ஒரு மீட்டின் ஒலி அடங்குமுன் பல சுரங்கள் குரல்போல் இழைந்து வருவது இதன் பயனாகும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழுக்குரிய இசைக்கரணங்கள் எட்டினைச் சுட்டுகிறது. விரலின் தொழிலே இசையின் நடையை வகுக்கும் என்னும் உணர்வு தமிழில் பழையது. ஆகவே, பாலசந்தர் செய்தது மரபு மீறலன்று. மரபின் ஒரு கூற்றைத் தேர்ந்து மிகுத்தலே எனலாம்.

விலக்கல்

தேர்தலின் மறுபக்கம் விலக்கல். பாடலின்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில், 1954இல் அவர் இயக்கிய 'அந்த நாள்' பாடல்களே இல்லாமல் வெளிவந்தது. சொல்லை விலக்கித் தந்தியில் மட்டுமே விரியும் அவருடைய நீண்ட ஆலாபனை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விலக்கலுக்கு விலையும் உண்டு. கீர்த்தனையின் சொல்லெல்லைகளை உணர்த்துவது மீட்டு. மீட்டுக் குறையுமிடத்துச் சாகித்தியம் மங்குதல் இயல்பு. அவர் பாணியின் உயரம் கீர்த்தனையைவிட ஆலாபனையில் மிகுதியாகப் புலப்படுவது இதனாலாகலாம்.

முடிவுரை

தற்பயிற்சியில் விளைந்த பாணி கலைஞரோடு முடிந்துவிடும் என்பாரும் உளர். ஆனால், பத்மாவதி அனந்தகோபாலனிடம் பயின்ற ஜெயந்தி குமரேஷ் பின்னர்ப் பாலசந்தரிடமும் பயின்றார். ஆசிரியரின்றிக் கற்றவரே ஆசிரியரானார். எனவே, தனித்துவத்தை மரபுக்கு எதிர்ச்சொல்லாகக் கொள்வதினும், மரபில் இருந்து எதைக் கொண்டார், எதை விடுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என வினவுவதே திறனாய்வுக்குப் பயன்தரும்.