பேசும் படமும் பேசாத மாந்தரும்

புலன்களுள் செவிக்குத் தமிழர் வழங்கிய இடம் தனிச்சிறப்பானது. 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். கல்வியும் கேள்வியும் நம் வழக்கில் இணைபிரியாத சொற்கள். நம் மார்க்க அறிவும் பெரும்பாலும் செவிவழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது; ஹதீஸ் கலையில் யார் யாரிடம் கேட்டார் என்ற தொடரே ஒரு செய்தியின் உரைகல்லாக விளங்குகிறது. இவ்வாறு செவியைப் போற்றிய நாம், செவி கேளாதவருக்கு எந்த இடத்தை வழங்கினோம்? பழமொழியில் இடம் வழங்கினோம். பயனற்றுப்போன பேச்சுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கை உவமை சொன்னோம். வெளியிட முடியாத எண்ணத்துக்கு ஊமை கண்ட கனவை உவமை சொன்னோம். சங்கு ஊதியவரின் சலிப்புக்குத்தான் அங்கே மதிப்பு. அந்தக் காதுக்கு உரியவரின் நிலையை எவரும் வினவவில்லை.

இன்று காலம் மாறியிருக்கிறது. தொலைக்காட்சிச் செய்தியின் ஓரத்தில் கைகளால் மொழிபெயர்ப்பவரைப் பெரியோரும் சிறியோரும் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். மேடையில் ஒரு பாடலைச் சைகையால் நிகழ்த்தினால் அவை முழுதும் ஆரவாரம் செய்கிறது. வெள்ளித்திரையும் அந்த விரல்களின் அழகை அண்மைக் காட்சியாக்கிக் காட்டுகிறது. இகழ்ச்சியிலிருந்து வியப்புக்கு வந்தது வளர்ச்சியே, அதில் ஐயமில்லை. ஆயினும் வியப்பவர் யாரைக் காண்கிறார்? எதிரில் நிற்கும் மனிதரையா, அவர் கைகளில் பிரதிபலிக்கும் தம் சொந்த உணர்ச்சியையா? இவ்வினாவை முன்வைத்து நம் திரைப்படங்கள் சிலவற்றை இங்கே நோக்குவோம்.

சேலம் தந்த குரல்

இந்த ஆராய்ச்சியைச் சேலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். தமிழ்த்திரை பேசத் தொடங்கிய ஆண்டு 1931. நான்கே ஆண்டுகளில், 1935-இல், ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' அங்கேதான் உருவாயிற்று. தமிழின் முதல் வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அந்நிறுவனத்திலிருந்தே வந்தது. அந்த வளாகத்தின் நுழைவு வளைவைப் பார்த்து இன்றும் சேலத்து மக்கள் பெருமை கொள்கின்றனர். தமிழ்ப் படத்துக்குக் குரல் கொடுத்த ஊர்களுள் ஒன்று என்ற பெருமை அது.

அந்தக் குரல் வந்தபோது ஒரு கதவு சாத்தப்பட்டதை வரலாறு எழுதுவோர் அரிதாகவே குறிப்பிடுகின்றனர். மௌனப் படக்காலத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் கொட்டகையில் சமமானவர்கள். இருவரும் முகத்தைப் பார்த்தனர். இருவரும் இடையிடையே தோன்றிய எழுத்தைப் படித்தனர். சார்லி சாப்ளின், காது கேளாத ஓவியரான கிரான்வில் ரெட்மண்டைத் தம் படங்களில் நடிக்கவைத்தார். 1931-இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்திலும் ரெட்மண்ட் சிற்பியாகத் தோன்றுகிறார். பேச்சு நுழைந்ததும் திரையிலிருந்த எழுத்து மறைந்தது. வசனத்துக்காகவே படம் பார்க்கும் நாடாக நம் நாடு ஆயிற்று. வசனம் எட்டாத இரசிகர் ஒருவர் அதே கொட்டகையில் அமர்ந்திருக்கக்கூடும் என்ற நினைவே கலையுலகில் எழவில்லை. கேளாதவர் பார்வையாளராக வெளியேற்றப்பட்ட பின்னர்தான் அவர் கதைமாந்தராக உள்ளே அழைக்கப்பட்டார். இந்த முரணை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வந்த படங்கள் நன்கு விளங்கும்.

சைகை வேறு, சைகை மொழி வேறு

சைகை நமக்குப் புதிதன்று. நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை போன்ற மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசுவது பழைய வழக்கம். சேலத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே நெசவாளர் கையாலும் கண்ணாலும் செய்தி சொல்லிக்கொள்வர். ஆனால் துண்டுக்கடியில் நடப்பது எண்களின் பரிமாற்றம். அந்த விரல்களைக்கொண்டு தகப்பனின் மரணத்தையோ மகளின் படிப்பையோ ஒருவர் விவரிக்க இயலாது.

கேளாதோரின் சைகை மொழி இவை அனைத்தையும் சொல்லவல்லது. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, அது இலக்கணம் உடைய முழு மொழி என்று எழுதினார். நம் நாட்டில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து, தாமே காது கேளாதவரான மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு முதலியோருடன் சேர்ந்து டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் ஆய்வு செய்தார். ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் இலக்கணம் பெரிதும் ஒன்றே என்று அவர்கள் கண்டனர். புருவத்தின் உயர்வு அம்மொழியில் வினாவின் அடையாளம். 'யார்', 'எங்கே' என்னும் வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. நாம் 'பாவம்' என்று இரசிக்கும் முக அசைவு அங்கே இலக்கணம். இதை அறியாமல் வியப்பவர், அறியாத மொழியின் எழுத்தைக் கோலம் என்று எண்ணிப் பாராட்டுபவரை ஒப்பர்.

மூன்று படங்கள்

1972-இல் குல்சார் இயக்கிய 'கோஷிஷ்' இந்திப்படம், பேசாத இணையரின் இல்லறத்தைச் சொன்னது. 1977-இல் டி. என். பாலு இயக்கத்தில், கமல்ஹாசனும் சுஜாதாவும் நடிக்க, அது 'உயர்ந்தவர்கள்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. மூலப்படத்தின் உச்சம் ஒரு திருமணப் பேச்சு. காது கேட்கும் மகன், கேளாத பெண்ணை மணக்க மறுக்கிறான். பேசாத தந்தை சீற்றம் கொள்கிறார். தன்னை ஈன்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை மகனுக்கு நினைவூட்டும் சீற்றம் அது. கேளாதோர் மீது நாம் கொண்ட பரிவு நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்ற உண்மையை இவ்வளவு நேராகச் சொன்ன காட்சி நம் நாட்டுப் படங்களில் குறைவு. பெண் பார்க்கும் படலத்தில் குறையைக் குரல் தாழ்த்திப் பேசும் குடும்பங்கள் அனைத்துக்கும் அது சாட்டையடி.

2007-இல் வந்த ராதாமோகனின் 'மொழி' இவ்வகையில் தமிழர் நெஞ்சை மிகவும் கவர்ந்த படைப்பு. அதன் நாயகி அர்ச்சனா இரக்கத்தை யாசிப்பவள் அல்லள். அவளுக்குத் தொழில் உண்டு, கோபம் உண்டு, நகைச்சுவை உண்டு. தன்னால் தாயைப் பிரிந்து சென்ற தந்தையின் நினைவும், தனக்குப் பிறக்கும் குழந்தையும் தன்னைப்போல் ஆகிவிடுமோ என்ற அச்சமும் அவளைத் திருமணத்திலிருந்து விலக்குகின்றன. ஆழமாகச் சிந்தித்துப் படைத்த பாத்திரம் அது. ஜோதிகாவின் நடிப்பும் அதற்கு ஈடு கொடுத்தது. அவளிடம் பேசுவதற்காக நாயகன் சைகை மொழியைக் கற்கிறான் என்ற ஒன்றுக்காகவே இப்படத்தைப் பாராட்டலாம்.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட இயலாது. அர்ச்சனாவின் உற்ற தோழி காது கேட்பவள், காதலனும் கேட்பவன். அவளைப்போன்ற வளர்ந்தவர்களின் உலகம், அவர்களது கேலி, சச்சரவு, நட்பு ஆகியவை கதையின் மையத்துக்கு வரவில்லை. கேளாதோர் பண்பாடு என்பது அவர்கள் தமக்குள் கூடும்போது தழைப்பது. தனித்த ஒருத்தியை மட்டும் காட்டுவது ஒரு மீனைத் தட்டில் வைத்துக் கடலைப் பற்றிப் பேசுவதாகும்.

இரண்டாவது குறை, நாயகன் இசைக்கலைஞன் என்பது. இது தற்செயலன்று. 1996-இல் வந்த 'காமோஷி' படத்தில் கேளாத பெற்றோரின் மகள் பாடகி. 2014-இல் வந்த பிரெஞ்சுப் படமான 'லா ஃபமீல் பெலியே'யிலும், அதன் வழிவந்து 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற 'கோடா'விலும் மகள் பாடகியே. கேளாதவரைப் பற்றி எழுத அமர்ந்ததும் கேட்பவரின் கற்பனை ஏன் இசையைத் தேடி ஓடுகிறது? தாம் இழந்தால் எதற்கு அழுவோமோ அதையே அவர்களும் இழந்து அழுகிறார்கள் என்று எண்ணுவதால்தான். கேளாதவர் அன்றாடம் இழப்பது பெரும்பாலும் வேறு: மருத்துவர் சொல்லும் ஒரு வார்த்தை, பேருந்து நிலையத்தின் அறிவிப்பு, வீட்டார் கூடிச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பின் காரணம்.

மூன்றாவது படம் கதையால் இவ்வரிசையில் சேராது. 2009-இல் சமுத்திரக்கனி இயக்கிய 'நாடோடிகள்' படத்தில் நாயகனின் தங்கையாக நடித்த அபிநயா, பிறவியிலேயே காதும் பேச்சும் வாய்க்காதவர். ஆனால் அவர் ஏற்றது பேசும் பெண்ணின் பாத்திரம். பிறர் குரல் அவர் உதட்டசைவோடு பொருத்தப்பட்டது. பேசும் நடிகை பேசாதவளாகவும், பேசாத நடிகை பேசுபவளாகவும் தோன்றிய விந்தை இரண்டே ஆண்டு இடைவெளியில் தமிழ்த்திரையில் நிகழ்ந்தது. அபிநயாவின் ஆற்றலுக்கு அது சான்று. நம் திரையுலகின் மனப்பான்மைக்கும் அதுவே சான்று. கேளாதவரின் மொழியைக் கேட்பவர் பேசினால் கலை என்கிறோம். கேளாதவர் நடிக்க வந்தால் அவர் மொழியை மறைத்துவிட்டுப் பாராட்டுகிறோம். 'கோடா' படத்தில் கேளாத குடும்பத்தினராகக் கேளாத நடிகர்களே நடித்தனர். அவர்களுள் டிராய் காட்சர் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றார். இங்கு அந்நாள் இன்னும் வரவில்லை.

வரலாற்றின் சான்று

சைகை மொழி மீது கேட்பவர் கொண்ட ஈர்ப்புக்கு நம் சமுதாய வரலாற்றிலேயே சான்று உண்டு. உஸ்மானியப் பேரரசின் தோப்காபி அரண்மனையில் கேளாத, பேசாத பணியாளர் பலர் இருந்தனர். சுல்தானின் முன்னிலையில் வாய்திறந்து பேசுவது மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டதால், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அவர்களது சைகை மொழியை அரண்மனையார் கற்றுப் பயன்படுத்தினர்; ஐரோப்பியப் பயணிகள் இதை வியந்து எழுதியுள்ளனர். கேட்பவர் கூட்டமாகக் கற்ற மொழி என்ற வகையில் இது பெருமைதான். எனினும் அம்மொழியை மதித்த அரண்மனை, அம்மனிதர்களைச் சேவகராகவும் கேளிக்கையாளராகவும் இரகசியம் காப்பவராகவுமே வைத்திருந்தது. மொழியைக் கொண்டாடுவதும் மனிதரை மதிப்பதும் ஒன்றாகிவிடா என்பதற்கு அன்றே ஆதாரம் கிடைத்துவிட்டது.

அந்தப் பேரரசின் சட்டமோ அரண்மனையைக் காட்டிலும் ஒரு படி முன்னே சென்றது. 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பின் 70-ஆம் விதி, பேசாதவரின் அறியப்பட்ட சைகை நாவால் உரைப்பதற்கு நிகர் என்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கருத்தின் சுருக்கம் அது. கொடுக்கல் வாங்கலில் மனிதனாக நிற்க அவனுக்குக் குரல் தேவையில்லை. அத்தொகுப்பு நிறைவெய்திய நான்காம் ஆண்டில், 1880-இல், மிலான் நகரில் கூடிய ஐரோப்பியக் கல்வி மாநாடு பள்ளிகளில் சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சையே புகட்டவேண்டும் என்று முடிவு செய்தது என்பதை நினைத்தால் அவ்விதியின் அருமை புலப்படும்.

நாம் செய்யவேண்டுவது

கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே இது வேறெங்கோ வாழும் ஒரு கூட்டத்தாரின் செய்தி என்று எண்ணவேண்டா. திரையில் அர்ச்சனாவுக்காகக் கண்ணீர் உகுத்த ஒரு வீட்டிலேயே, உண்ணவும் உறங்கவும் அழைக்கும் நாலைந்து சைகைகளுக்கு மேல் அறியாத தாய் தந்தையிடம் ஒரு குழந்தை வளரக்கூடும். அக்குழந்தைக்குச் சோறு உண்டு, அன்பு உண்டு. கதை சொல்வார் இல்லை. 2015-இல் டில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் அகராதி வெளியிட்டுவருகிறது. கற்க விரும்புவோர்க்கு வழி உண்டு. திரையரங்குகளில் கேளாதோருக்கும் காணாதோருக்கும் வசதிகள் அமைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. திரையில் எழுத்துத் திரும்பினால், 1931-இல் சாத்திய கதவு ஓரளவு திறக்கும்.

ஜும்ஆ மேடையும் ஒரு பேச்சு மேடையே. சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் அமர்ந்து இமாமின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் குத்பா சென்று சேர்கிறதா என்று ஜமாஅத்தார் எண்ணிப் பார்க்கவேண்டும். அறிவு தேடி வந்த பார்வையற்ற ஸஹாபி ஒருவரின் பொருட்டுத் திருமறையின் 80-ஆம் அத்தியாயம் அருளப்பட்டதை நாம் அறிவோம். சைகை அறிந்த ஓர் இளைஞரை மிம்பரின் அருகே நிறுத்துவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வியப்பவர் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார். அம்மொழியில் பத்துச் சொற்களைக் கற்றவரோ, கேளாத ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து நலம் விசாரிக்கத் தொடங்குவார்.