துருவ ஆராய்ச்சியும் அதன் பாதைகளும்

கலை கலைக்காகவே என்ற கோட்பாட்டை மறுத்து எழுதுவது எம்போன்றோர்க்குப் பழகிப்போன காரியம். ஆனால் அதே கோட்பாடு, 'விஞ்ஞானம் விஞ்ஞானத்துக்காகவே' என்று வேறு உடையணிந்து வரும்போது, எம்மிற் பலர் மறுபேச்சின்றி வழிவிட்டு விடுகின்றனர். அளவுகோலுக்கு வர்க்கம் உண்டா, வெப்பமானி பொய் சொல்லுமா என்று கேட்பவர்க்கு விடை கூறுவது அவ்வளவு எளிதன்று. இக்கேள்வியை மனத்திற்கொண்டே, ஆட்டிக் எனப்படும் வடதுருவப் பிரதேசத்தின் உயிர்ச்சூழல் பற்றி நடந்துவரும் கள ஆராய்ச்சிகளையும், அவற்றை மக்களுக்கு எடுத்துரைக்கும் எழுத்துக்களையும் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

இவ்வெழுத்துக்களிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வெண்பனி, பெருந்தனிமை, உருகும் பனிக்கட்டியின்மீது மெலிந்து நிற்கும் கரடி. இவற்றோடு சித்திரம் முடிந்துவிடுகின்றது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் வாழும் ஒரு பிரதேசம் ஆளரவமற்ற வெளியாகக் காட்டப்படுகின்றது. மனிதரை நீக்கியபின், அங்கு நிகழும் மாற்றத்தால் வாழ்விழப்போரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்மாற்றத்துக்குக் காரணமான உற்பத்தி முறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சுவது இரக்கம் ஒன்றே. இரக்கத்தை நாம் இழித்துரைக்கவில்லை. எனினும் காரணத்தைத் தேடாத இரக்கம், நாவலிற் போலவே இங்கும், வாசகனை அழவைத்து அனுப்பிவிடுவதோடு நின்றுவிடுகின்றது.

அழுது தீர்த்துவிடக்கூடிய செய்தியன்று இது. 1979 தொடக்கம் ஆட்டிக் பிரதேசம், உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வந்துள்ளதெனப் பின்லாந்து ஆராய்ச்சியாளர் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. அங்குள்ள உறைநிலப் பிரதேசங்களின் மண்ணில், மக்கிப்போகாத தாவர எச்சங்களாக ஏறத்தாழ 1,50,000 கோடி தொன் காபன் புதைந்து கிடக்கின்றது. வளிமண்டலத்திலுள்ள காபனைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட அளவு இது. அந்நிலம் இளகும்போது இதில் எவ்வளவு, எத்துணை விரைவில் வெளியேறும் என்னும் வினா, துருவத்தில் வாழ்வோரை மட்டுமன்றி எல்லாக் கடற்கரைகளிலும் வாழ்வோரைத் தொடும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் எங்கே நின்று தேடுகின்றனர்? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் மெற்காஃப் என்பவரும் அவரது கூட்டாளிகளும், ஆட்டிக் சூழல் பற்றிய 1,840 ஆய்வுகளைத் தொகுத்து, அவை நடைபெற்ற இடங்களைப் படத்திற் குறித்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிற ஆய்வாளர் எடுத்தாளும் மேற்கோள்களில் 31 சதவீதம், இரண்டே இரண்டு நிலையங்களிலிருந்து 50 கிலோமீற்றர் தூரத்துக்குள் நடந்த ஆய்வுகளுக்குரியவை என்பது அதிற் கண்ட முடிவு. ஒன்று அலாஸ்காவில் ரூலிக் ஏரிக்கரையில் உள்ளது. மற்றது வட சுவீடனின் அபிஸ்கோவில் உள்ளது.

இவ்விரு இடங்களின் வரலாற்றையும் சற்று நோக்குவோம். 1968இல் அலாஸ்காவின் வடகரையிலுள்ள புருடோ குடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தெற்கே கொண்டுவரும் குழாயை அமைப்பதற்காக 1974இல் தண்டராவை ஊடறுத்து ஒரு வீதி போடப்பட்டது. அவ்வீதியருகே குழாய்த் தொழிலாளரின் முகாம் இருந்த ஏரிக்கரைக்கே 1975இல் ஆய்வாளர் தம் கருவிகளோடு வந்து சேர்ந்தனர். அபிஸ்கோவின் கதையும் ஏறக்குறைய இதுவே. கிருனாச் சுரங்கங்களின் இரும்புத்தாதை நோர்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லப் புகையிரதப் பாதை இடப்பட்டது. அப்பாதையோரத்தில் 1903இல் எழுந்த ஆய்வு நிலையம் 1910இல் தீக்கிரையாயிற்று. பின்னர் அதே பாதையிலுள்ள அபிஸ்கோவில் நிலைபெற்றது. எண்ணெய்க்காக ஒரு வீதி, இரும்புக்காக ஒரு புகையிரதப் பாதை. இவ்விரண்டின் வழியாகவே விஞ்ஞானமும் துருவத்துள் நுழைந்தது. எந்த எண்ணெய் எரிந்து அந்நிலத்தைச் சூடாக்குகின்றதோ, அந்த எண்ணெயின் வீதியிற் சென்றே அச்சூட்டை அளக்கின்றோம்.

இதனால் அங்கு பெறப்பட்ட அறிவு இழிந்ததென்று கொள்ளலாகாது. ரூலிக்கின் பரிசோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வெப்பம் மிகுந்தால் மண்ணில் மக்குதல் விரைவுபடும்; அதுவரை பூட்டிக்கிடந்த நைதரசனும் பொசுபரசும் செடிகளுக்குக் கிடைக்கும். அந்நிலை வந்தால் என்ன நிகழும் என்பதை முற்கூட்டியே காண்பதற்காக, 1981 முதல் தண்டராவின் சிறு துண்டுகளுக்கு ஆண்டுதோறும் இவ்விரு பசளைகளும் இடப்பட்டன. குட்டையான பேர்ச்சுச் செடி ஓங்கி வளர்ந்து ஏனைய தாவரங்களை மேவியது. மேலோட்டமாகப் பார்ப்பவன், பசுமை பெருகிற்று, காபன் சேர்கின்றது என்று மகிழ்ந்திருப்பான். ஆனால் 20 ஆண்டுகளின் பின் மண்ணைத் தோண்டி அளந்தபோது, செடிகளிற் சேர்ந்ததைவிட அதிகமான காபன் ஆழ்மண்ணிலிருந்து வெளியேறியிருந்தமை தெரிந்தது. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2,000 கிராம் நிகர இழப்பு. 2004இல் மிஷெல் மக்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட இம்முடிவு, 'துருவம் பசுமையானால் நன்மையே' என்று கூறித்திரிந்தோர்க்குத் தக்க மறுமொழியாயிற்று. இடப்பட்ட பசளை, வெப்பத்தால் இயல்பாக விடுபடக்கூடியதிலும் அதிகம் என்பது உண்மை. எனினும், மேலே தெரியும் வளர்ச்சியைக் கண்டு கீழே நிகழும் சிதைவை மறத்தலாகாது என்ற பாடம் அதனாற் குன்றவில்லை. இருபது ஆண்டு பொறுத்திருந்து ஒரே நிலத்தை அளப்பவரின் உழைப்பு போற்றுதற்குரியது.

குறை அளவையில் இல்லை. அளவையிலிருந்து பிரதேசம் முழுமைக்கும் தாவும் பொதுமையில் உள்ளது. இரு நாவலாசிரியரை மட்டும் படித்துவிட்டு ஒரு மொழியின் நாவல் வரலாற்றை எழுதும் விமரிசகனை நாம் அறிவோம். அவ்விருவரைப் பற்றி அவன் எழுதியது முற்றும் சரியாகவே இருக்கலாம். வரலாறு என்ற பெயரே தவறு. குளிர் மிகுந்ததும், தாவரம் அருகியதும், விரைந்து வெப்பமடைவதுமான நிலங்கள், அதாவது கனடாவின் வடதீவுகளும் ருஷ்யாவின் வடகரையும் போன்றவை, ஆய்வாளரின் காலடி அதிகம் படாதவை. பாதை போடுவதால் இலாபம் காணாத இடங்களுக்கு அறிவும் போய்ச் சேரவில்லை.

இவ்விடத்தில் எம்மவரிற் சிலர் எதிர்முனைக்குப் பாயக்கூடும். எண்ணெய் வீதியில் விளைந்த விஞ்ஞானம் முதலாளித்துவ விஞ்ஞானமே, அதைத் தள்ளுக என்பர். இது ஏற்கெனவே நடந்து பார்த்த வழி. 1948இல் மொஸ்கோவிற் கூடிய விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கை அரச ஆதரவோடு வெற்றிபெற்றது. மெண்டலின் வழிவந்த பிறப்புரிமையியலாளர் பலர் பதவியிழந்தனர். அதற்கு முன்னரே, 1943இல், வவிலொவ் சிறையில் மாண்டிருந்தார். கோதுமை எவருடைய தீர்மானத்துக்கும் கட்டுப்பட்டு விளையவில்லை. வெப்பமானி காட்டும் எண்ணை வர்க்கம் மாற்றுவதில்லை. வெப்பமானியை எங்கே நடுவது என்பதையே மாற்றுகின்றது. இவ்வேறுபாட்டை மறந்த முற்போக்குவாதம் மூடநம்பிக்கையாய் முடியும்.

வெப்பமானி நடும் இடத்தைப் போரும் தீர்மானிக்கின்றது. ஆட்டிக் பிரதேசத்தின் மிகப்பெரிய பங்கு ருஷ்யாவுக்குரியது. உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்ததைத் தொடர்ந்து, 2022 மார்ச்சில் ஆட்டிக் கவுன்சிலின் ஏனைய ஏழு நாடுகளும் அதனுடனான கூட்டுவேலையை நிறுத்தின. ஆய்வுக் கூட்டுறவும் அறுந்தது. இதன் விளைவை, வடபுல ஆய்வு நிலையங்களின் மிகப்பெரிய வலையமைப்பான இன்ரராக்டைக் கொண்டு கணித்த ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. ருஷ்ய நிலையங்களை நீக்கிவிட்டால் எமது துருவச் சித்திரத்தில் ஏற்படும் கோணல்களுட் சில, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் காலநிலை மாற்றத்தால் ஏற்படுமென எதிர்பார்க்கும் மாற்றங்களுக்குச் சமமானவை என்று அது கூறுகின்றது. படையெடுப்பை நியாயப்படுத்த எவராலும் இயலாது. ஆயினும் உறைநிலம் இளகுவது எந்த அரசின் தடையையும் கேட்டு நிற்பதில்லை. அறுந்த அளவைத் தொடரின் ஆண்டுகளைப் பின்னர் எவரும் மீட்டுத் தரவும் முடியாது.

அப்படியாயின் வேறு வழி உண்டா? உண்டென்பதற்கு அலாஸ்காவிலேயே ஒரு சான்றிருக்கின்றது. பழைய பூகோள நூல்கள் எஸ்கிமோக்கள் என்று ஒரே பெயராற் குறித்த மக்களுள் இனுப்பியற் என்போர் ஒரு பிரிவினர். அவர்களது உணவுக்கும் ஊர்வாழ்வுக்கும் மையமானது பௌஹெட் என்னும் பெருந்திமிங்கிலம். அயலிலிருந்து வந்த வணிக வேட்டைக் கப்பல்கள் 19ஆம் நூற்றாண்டில் அதனை அழித்தொழித்தன. 1977இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் தடை விதித்தபோதோ, அது இனுப்பியற் மக்களின் வேட்டைமீதே விழுந்தது. எஞ்சியவை இரண்டாயிரத்தைத் தாண்டா என்பது அன்றைய மதிப்பீடு. பனிக்கட்டியின் விளிம்பில் நின்று, திறந்த நீரிற் கடந்து செல்பவற்றை எண்ணிப் பெற்ற கணக்கு அது.

வேட்டைக்காரர் இதனை மறுத்தனர். திமிங்கிலங்கள் பனிக்கட்டியின் அடியிலும் செல்கின்றன, விளிம்பில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் செல்கின்றன என்றனர். அவர்களது உள்ளூராட்சி அமைப்பு ஆய்வாளரை அமர்த்திற்று. 1980களில் நீரடி ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, பனிக்கு அடியிலிருந்து திமிங்கிலங்களின் குரல் வந்தது. 2001ஆம் ஆண்டின் கணிப்பில் அவற்றின் தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்டது. இடைக்காலத்தில் இனம் பெருகியதும் இதில் அடங்கும். எனினும் முதற்கணக்கின் பெருங்குறை, எண்ணியவர் நின்ற இடத்தின் குறையே. இங்கு மக்கள் விஞ்ஞானத்தை நிராகரிக்கவில்லை. ஒலிவாங்கியை எங்கே இறக்க வேண்டும் என்பதைச் சொன்னார்கள்; அதைச் சொல்லும் உரிமைக்குப் போராடினார்கள். அவ்வுள்ளூராட்சியின் வருவாயிற் பெரும்பங்கு எண்ணெய்த் தொழில்மீது விதித்த வரியே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் தந்த பணத்தை மக்கள் தம் கையிற் பெற்றபோது, ஆராய்ச்சி வேறோர் இடத்தில் நின்று கேட்கத் தொடங்கியது.

ஆசிரியரும் மாணவரும் துருவம் பற்றிய கட்டுரையொன்றைப் படிக்கும்போது, எண்களை ஐயுறுவதிலும் பயனில்லை, எண்களை வணங்குவதிலும் பயனில்லை. இந்த எண் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, அவ்விடத்துக்குப் பாதை போட்டவர் யார், எடுக்கப்படாத இடங்கள் எவை, அங்கு வாழ்வோரிடம் எவராவது கேட்டனரா என்று வினவுதல் வேண்டும். இலக்கியப் படைப்பொன்றை நோக்கி நாம் எழுப்பிவரும் வினாக்களே இவை. அவற்றை விஞ்ஞானத்தின் வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய அவசியம் எமக்கில்லை.