துபாஷியின் நாக்கு

“மொழிபெயர்க்காதே, பிரெஞ்சிலேயே யோசி, சரளம் வரும்” என்றார் எனக்குப் பாடம் சொன்னவர். முறை பொய்யில்லை. எங்க நோணாங்குப்பம் படகுத்துறையில் மாங்காய் விற்கிற அக்கா இந்தியில் பேரம் பேசும்போது எதையும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் யார் வசதிக்கான சரளம் இது?

பிரெஞ்சு அதிகாரத்துக்கும் ஊருக்கும் நடுவே பேசிப் பிழைத்தவர் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761 வரை அவர் நாட்குறிப்பு எழுதியது தமிழில்; அதுவும் கொச்சைத் தமிழில், பிரெஞ்சுச் சொற்களைத் தன் நாக்குக்கு வளைத்துக்கொண்டு. அவரொன்றும் கலகக்காரர் இல்லை. ஆனாலும் துரைத்தனத்தைத் தள்ளிநின்று பார்க்க இன்னொரு மொழி மிச்சமிருந்தது.

‘முசே’ என்பதைப் பிரித்தால் ‘என் எசமான்’. சரளமாகச் சொல்கிறவன் காதில் எசமான் விழுவதில்லை; மொழிபெயர்த்துத் தடுமாறுகிறவனுக்கு விழும். பிரெஞ்சில் யோசிக்கப் பழகுவோம். அந்தத் தடுமாற்றத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.