படைப்பும் பாயிரமும்: கலை மாணவர்தம் விளக்கவுரைகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகள் தமிழும் மலையாளமும் ஒருங்கே பயிலும் எல்லை நிலமாகும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இந்நிலத்திற்கு அண்மையில் அமைந்தது, 1975இல் கல்லூரி நிலை பெற்ற திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி. கலை மாணவர் தம் படைப்போடு கருத்து விளக்கம் ஒன்றையும் எழுதித் தருவது இன்று பரவலான வழக்கம். அவ்விளக்கம் படைப்பிற்குத் துணையா, தளையா என்பதைத் தமிழ்ப் பாயிர மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பாயிர மரபு

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைத்தற்குரியோர் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர் என்பது நன்னூலார் கொள்கை. படைத்தோன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கும் அவர், அதற்கு விதிவிலக்குகளையும் வகுக்கிறார். தன் ஆற்றலை உணராதாரிடையே தன்னைப் பற்றிக் கூறலாம் என்பது அவற்றுள் ஒன்று. பெயரறியப்படாத மாணவக் கலைஞனின் நிலை இதுவேயாகும். ஆகவே அவன் பேசுவது மரபிற்கு மாறானதன்று. எதைப் பேசுகிறான் என்பதே வினா.

1987ஆம் ஆண்டுக் கண்காட்சி

திருவனந்தபுரம் கல்லூரியில் பயின்ற கே.பி. கிருஷ்ணகுமார் முதலானோர் இந்திய ராடிக்கல் ஓவியர் சிற்பியர் சங்கத்தின் சார்பில் 1987இல் பரோடாவில் 'கேள்விகளும் உரையாடலும்' என்னும் கண்காட்சியை நடத்தினர். அதன் அறிக்கையை எழுதியவர் அக்குழுவைச் சார்ந்த அனிதா துபே. அவர் அந்நாளில் கலைத் திறனாய்வாளர். சிற்பியாக உருப்பெற்றது பின்னரே. நன்னூலார் கூறும் உடன் கற்றோனின் இடம் அவருடையது எனலாம். கலை விற்பனைப் பொருளாவதை அவ்வறிக்கை கடுமையாக எதிர்த்தது. 1989இல் கிருஷ்ணகுமார் மறைய, குழுவும் கலைந்தது.

அறிக்கையின் துணிவு போற்றத்தக்கது. எனினும் அதன் உரத்த குரல் படைப்புகளை மறைக்கும் இடரும் உண்டு. கிருஷ்ணகுமாரின் வண்ணம் பூசிய மனித உருவங்களில் காணும் தனிமையையும் தயக்கத்தையும் கொள்கை வாசகத்தின் விளக்கப் படங்களாக மட்டும் காண்பது பொருந்தாது. அறிக்கை உறுதி கூறும் இடத்தில் சிற்பம் ஐயுறுகிறது. அவ்வேறுபாடே அதன் உயிர்.

இன்றைய நிலை

2014 முதல் கொச்சியில் நடைபெறும் மாணவர் பினாலே, பல கல்லூரிகளின் மாணவப் படைப்புகளைப் பொது அவைக்குக் கொணர்ந்துள்ளது. இத்தகைய அவையில் விளக்கம் தவிர்க்கவியலாதது. ஆயின் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த எல்லைப்புற மாணவன், கலைக்கோட்பாட்டு ஆங்கிலத்தில் தன் படைப்பை விளக்க நேர்ந்தால், கையின் திறன் பின்தள்ளப்பட்டுச் சொல்லின் திறனே மதிப்பிடப்படும். இது கலைக்கும் மாணவனுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.

முடிவுரை

சிறப்புப்பாயிரம் உணர்த்தும் எட்டனுள் வழி, எல்லை, கேட்போர் ஆகிய மூன்றும் மாணவர் விளக்கத்திற்கு ஏற்ற அளவுகோல்கள். எவரிடம் கற்றது, எந்நிலத்தில் தோன்றியது, எவரை நோக்கியது என்பவற்றை அவன் தன் மொழியிலேயே கூறட்டும். நுதலிய பொருளைச் சுட்டலாம். முற்றும் விரித்துரைத்தல் வேண்டா. உள்ளுறையும் இறைச்சியும் கண்ட மரபினர்க்கு, சொல்லாது விட்டதும் பொருளே என்பது புதிதன்று. பாயிரம் வாயிலைத் திறத்தல் போதும். உட்புகுந்து காண்டல் காண்போர் கடன்.